வீட்டுக்கு முன் அயல்

வீடு தேடுவதற்கு முன் அயலவரைத் தேடு, பயணம் புறப்படுவதற்கு முன் வழித்துணையைத் தேடு என்ற கருத்துப்பட அறபியில் ஒரு மூதுரை உண்டு. நமது மேடைகளில் இதனை நபிமொழி என்றே சொல்லிவிடுபவர்களும் உளர். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ்கலை அறிஞர்களின் கருத்து. எனினும் உலக அனுபவத்தில் விளைந்த ஒரு வாக்கு என்ற அளவில் அதற்குரிய மதிப்பு குறைந்துவிடாது. எனக்கு இது நெடுங்காலமாக ஒரே விதமாகத்தான் விளங்கியிருந்தது. நல்ல அயலவர் இருக்கும் இடமாகப் பார்த்துக் குடியிரு என்பதே அந்த விளக்கம். நல்ல அயலவர் என்றால் யார் என்று நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. நம்மவர் என்ற சொல் கேள்விக்கு முன்பே பதிலாக வந்து நின்றுவிடும். கொழும்பில் வாடகை வீடு தேடி நான்கு நாட்கள் அலைந்தபோதுதான் அந்தப் பதிலை நான் முதன்முறையாகத் திருப்பிப் பார்த்தேன்.

மகள் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, இரண்டாம் ஆண்டில் வெளியே தங்கிப் படிக்க வேண்டியதாயிற்று. என் மாமியார் துணைக்கு இருப்பதாக ஒப்புக்கொண்டார். தரகர் காட்டிய எட்டுப் பத்து இடங்களில் எங்கள் கைக்கு எட்டியவை இரண்டுதான். ஒன்று தெமட்டகொடையில் ஓர் ஒழுங்கையில், இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட அனெக்ஸ். மற்றது வெள்ளவத்தையில் ஐந்து மாடிக் குடியிருப்பொன்றின் மூன்றாம் மாடியில் இருந்த சிறிய வீடு. வாடகையில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் ஆறு மாத முற்பணம், ஓராண்டு ஒப்பந்தம். ஆகவே பணம் எங்களுக்காகத் தீர்மானிக்கவில்லை. நாங்களேதான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

தெமட்டகொடை வீட்டுக்காரர் ஒரு ஹாஜியார். ஸலாம் சொல்லி உட்காரவைத்து இஞ்சித் தேநீர் தந்தார். ஊர், தொழில், பிள்ளை படிக்கும் துறை எல்லாவற்றையும் அன்போடு விசாரித்தார். பள்ளிவாசல் நூறு யார் தூரத்தில் இருந்தது. வீட்டிலிருந்தபடியே பாங்கு கேட்கும். இறைச்சிக் கடை, மதரஸா, மருந்துக் கடை எல்லாம் ஒழுங்கையின் முனையில். விடைபெறும்போது அவர் சொன்னார்: "நாங்க நம்மட ஆக்களுக்கு மட்டும்தான் மாஸ்டர் குடுக்கிற. எவ்வளவு கூட்டித் தாறம் எண்டு வந்தாலும் மத்தவங்களுக்குக் குடுக்கிறல்ல." எனக்கு அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததை இங்கே மறைக்கக்கூடாது.

வெள்ளவத்தை வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிள்ளைகள் கனடாவில். அடுத்த கதவில் தனியாக வசிக்கிறார். என் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில், "தம்பி யாழ்ப்பாணமோ? கதை அப்பிடிக் கிடக்கு" என்றார்.

"ஓம். சோனகதெரு."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "நாங்கள் வண்ணார்பண்ணை. கிட்டத்தான். தொண்ணூறில போனனீங்களோ?"

"ஓம். அப்ப எனக்குப் பத்து வயது."

அவர் தலையை அசைத்தார். அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றிக் காட்டி முடித்தபின், "மாட்டிறைச்சி மட்டும் இஞ்சை சமைக்க வேண்டாம் தம்பி. மற்றும்படி ஒண்டுமில்லை" என்றார். படியிறங்கி வரும்போது எனக்குள் ஏதோ பொருமியது. தொண்ணூறைக் கேட்ட வாயால் அடுத்ததாகக் கேட்பதற்கு இவருக்கு மாட்டிறைச்சிதானா கிடைத்தது என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் நம்மவரோடு சேர்ந்து வாழ்வதற்கான நியாயங்களை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். அவை அற்ப நியாயங்கள் அல்ல. பட்டினத்துக்குப் புதிதாக வரும் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு முதலில் கைகொடுப்பது ஜமாஅத்துதான். நடுநிசியில் ஒரு மவுத்து நிகழ்ந்தால் குளிப்பாட்டவும் கபனிடவும் சந்தூக்கு தூக்கவும் கைகள் வேண்டும். சஹருக்கு எழும்பும் வீட்டின் வெளிச்சம் அடுத்த வீட்டுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது. இவற்றுக்கு மேலாகப் பயம் என்ற ஒன்று இருக்கிறது. 2014 ஜூனில் அளுத்கமையிலும் தர்ஹா நகரிலும், 2018 மார்ச்சில் திகனையிலும் நடந்தவற்றை நாம் அறிவோம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி நமது பெயர் தாங்கிய சிலர் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் செய்த பாவத்துக்குப் பிறகு, அந்த மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டிய பக்கங்களிலும் அப்பாவிகளின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2020இல் கொவிட் காலத்தில் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அந்தக் கட்டாயம் நீங்க 2021 பெப்ரவரி இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு ஒரு தந்தை தன் மகளை நம்மவர் மத்தியில் வைக்க விரும்பினால் அவனைக் குறுகிய மனத்தவன் என்று திட்டிவிட முடியாது.

ஆனால் பயத்துக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைச் சரியாகப் பார்க்கிறோமா என்பதே என் முதல் கேள்வி.

நான் பிறந்த சோனகதெரு முழுக்க முழுக்க நம்மவர் வாழ்ந்த இடம். பள்ளிவாசல், மதரஸா, ஒஸ்மானியாக் கல்லூரி எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். நம்மவரோடு சேர்ந்திருப்பது பாதுகாப்பு என்றால் அதைவிடப் பாதுகாப்பான இடம் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இருந்திருக்க முடியாது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒஸ்மானியா மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். ஒரு சமூகத்தையே வெளியேற்ற இரண்டு மணித்தியாலம் அவர்களுக்கு எப்படிப் போதுமாக இருந்தது என்று பின்னாளில் நான் பலமுறை யோசித்திருக்கிறேன். துப்பாக்கி ஒரு காரணம். நாங்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தோம் என்பது இன்னொரு காரணம். வீடு வீடாகத் தேட வேண்டிய சிரமம்கூட அவர்களுக்கு இருக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் பள்ளிவாசலுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அதுவும் நம்மவர் நெருக்கமாக வாழ்ந்த ஊர்தான்.

அப்படியானால் கலந்து வாழ்வதுதான் பாதுகாப்பா? அதையும் வரலாறு சொல்லவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் சிங்கள அயலில் கலந்து வாழ்ந்த தமிழர்களின் வீடுகளை வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடி எரித்தார்கள். வெள்ளவத்தையும் எரிந்தது. அதே நாட்களில் சிங்கள, முஸ்லிம் அயலவர்கள் பலர் தம் உயிரைப் பணயம் வைத்துத் தமிழர்களை ஒளித்துக் காப்பாற்றினார்கள் என்பதும் அந்த வரலாற்றின் பகுதி. கலந்து வாழ்ந்தவனைத் தனியாகப் பிடித்து அடிக்க முடிந்தது. அவனை ஒளித்துவைக்க ஓர் அறையும் அடுத்த வீட்டில் இருந்தது. கூடி வாழ்ந்தவர்களுக்குக் கூட்டத்தின் தைரியம் இருந்தது. எல்லோரும் ஒரே குறிக்குள்ளும் அகப்பட்டார்கள். ஆகவே பாதுகாப்பு என்ற ஒரே தராசில் போட்டால் முள் எந்தப் பக்கமும் உறுதியாகச் சாய்வதில்லை. அரசும் ஆயுதமும் கெட்டுப்போகும்போது எந்த அயலும் முழுக் கவசமாக இருக்காது. அதனால் பயத்தைக் காரணம் காட்டி நாம் எடுக்கும் முடிவுகளில் பல உண்மையில் பழக்கத்தால் எடுத்த முடிவுகளே.

இன்னொன்றும் உண்டு. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கு. அங்கே எங்களை வரவேற்றவர்கள் நம்மவர்கள். பள்ளிவாசல்களைத் திறந்தார்கள், சோறு சமைத்தார்கள், தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில் போட இடம் தந்தார்கள். அன்ஸாரீன்கள் என்று அவர்களைச் சொன்னது வெறும் புகழ்ச்சியல்ல. ஆனால் வருடங்கள் செல்லச் செல்ல வகுப்பறையில் இடம், அரச வேலையில் பங்கு, காணியின் விலை, தேர்தலில் வாக்கு என்று ஒவ்வொன்றாக மனத்தாங்கல்கள் வந்தன. அதே கலிமாவைச் சொல்லும் ஊரில் நான் வளர்ந்து ஆசிரியரான பிறகும் "அகதிப் பொடியன்" என்ற சொல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. இதில் புத்தளத்து மக்களைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை. குறைந்த வளத்தைப் பங்குபோட்ட எந்த இரண்டு கூட்டத்தாருக்கும் இது நேரும். நம்மவர் என்பது தானாகவே அயலவர் ஆகிவிடாது என்று மட்டும் நான் கற்றுக்கொண்டேன். அயல் என்பதை நாளுக்கு நாள் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். புதிய நகரத்துக்குக் குடிபெயர்ந்த ஒருவர் எந்த அயலில் தங்குவது என்ற கேள்வி நமது வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்திருக்கிறது. நபிகளார் (ஸல்) மதீனாவுக்குள் நுழைந்தபோது ஒவ்வொரு கோத்திரத்தாரும் தம்மிடம் தங்குமாறு ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்தார்கள். ஒட்டகத்துக்கு வழிவிடுங்கள், அது கட்டளையிடப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள். ஒட்டகம் படுத்த நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அதை விலைகொடுத்து வாங்கினார்கள். பள்ளிவாசல் எழும்வரை அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரழி) அவர்களின் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கினார்கள். ஒருநாள் மேல்தளத்தில் தண்ணீர்ச் சாடி உடைந்துவிட, கீழே ஒரு துளி சொட்டிவிடக் கூடாதென்று அபூ அய்யூபும் மனைவியும் தங்களிடமிருந்த ஒரே போர்வையால் அந்தத் தண்ணீரை ஒற்றியெடுத்ததாக ஸீறா நூல்கள் சொல்லுகின்றன. மாடிக் குடியிருப்பில் வாழும் எவருக்கும் அயலுரிமையை இதைவிட விளக்கமாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது சம்பவம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பனூ ஸலிமா கோத்திரத்தார் மதீனாவின் ஓரத்தில் குடியிருந்தவர்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் குடிபெயர்ந்து வர விரும்பினார்கள். நம்மில் யார் அதைத் தடுப்போம்? ஆனால் நபிகளார் அவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். நடந்துவரும் ஒவ்வொரு அடிக்கும் நன்மை எழுதப்படும் என்று ஆறுதலும் சொன்னார்கள். மதீனாவின் ஓரங்கள் வெறுமையாகிவிடுவதை அவர்கள் விரும்பவில்லை என்று புஹாரியில் வரும் அறிவிப்பு காரணத்தையும் தருகிறது. பள்ளிவாசலுக்கு அருகில் இருப்பது நல்லது என்ற நியாயத்துக்கு மேலாக, நகரத்தின் எந்தப் பக்கமும் நாம் இல்லாத பக்கமாகிவிடக் கூடாது என்ற நியாயம் அங்கே வைக்கப்படுகிறது. இதிலிருந்து இன்றைய கொழும்புக்குச் சட்டம் வகுக்க எனக்குத் தகுதியில்லை. அங்கே இருந்தது நகரத்தின் காவல், எங்கள் பிரச்சினை வேறு என்று ஆலிம்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆனாலும் எல்லோரும் பள்ளிவாசலைச் சுற்றி நெருங்கிக்கொள்வதே தீனுக்குரிய வாழ்க்கை என்று இனி எவரும் என்னிடம் இலகுவாகச் சொல்லிவிட முடியாது.

அயலவர் யார் என்ற கேள்விக்கும் அளவுகோல் இருக்கிறது. ஸூரத்துந் நிஸாவின் 36ஆம் வசனம் நெருங்கிய அயலவரையும் அந்நியரான அயலவரையும் தனித்தனியே குறிப்பிட்டு இருவருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது. இரண்டு அயலவர் இருந்தால் அன்பளிப்பை யாருக்குக் கொடுப்பது என்று ஆயிஷா (ரழி) கேட்டபோது, எவருடைய கதவு அருகிலிருக்கிறதோ அவருக்கு என்றே பதில் வந்தது. அந்த அளவுகோல் கதவைப் பார்க்கிறது. கதவுக்குள் இருப்பவரின் குலத்தைப் பார்க்கவில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரழி) ஆடு அறுத்த வீட்டில், நமது யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டது அனைவரும் அறிந்த செய்தி. நாற்பது வீடு வரை அயல் என்று அறிஞர் சிலர் எல்லை வகுத்தார்கள். இன்றைய கொழும்பில் ஒரே படிக்கட்டில் நாற்பது வீடுகள் வந்துவிடுகின்றன. கீழ்வீட்டுக்காரனின் பெயர் தெரியாமல் ஐந்து வருடம் வாழ்ந்துவிட முடிகிற காலம் இது. அயல் சுருங்கிவிட்டது என்கிறோம். உண்மையில் அயல் நம் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் பெருகியிருக்கிறது. பழக்கம்தான் சுருங்கிவிட்டது.

இவ்வளவும் யோசித்துக்கொண்டு ஊர் திரும்பிய இரவில் வெள்ளவத்தை ஆசிரியையின் நிபந்தனை மீதிருந்த என் கோபம் இன்னும் ஆறவில்லை. அப்போது மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "இஞ்சாருங்கோ, அவ மாட்டிறைச்சி சமைக்காட்டி வீடு தாறன் எண்டவ. நாங்க அந்த மாஸ்டர் பொடியனுக்கு என்ன சொன்னனாங்க?"

அதை நான் மறந்துவிட்டிருந்தேன் என்று எழுதினால் பொய். மறக்க முயன்று அதில் பாதி வெற்றி பெற்றிருந்தேன். 2017ஆம் ஆண்டு எங்கள் பாடசாலைக்குக் கணிதம் படிப்பிக்க மலையகத்திலிருந்து ஓர் இளம் தமிழ் ஆசிரியர் நியமனம் பெற்று வந்தார். கணித ஆசிரியர் கிடைப்பது குதிரைக்கொம்பான பாடசாலை அது. எங்கள் வளவில் பின்வீடு ஒன்று சும்மா கிடந்தது. அதை வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்டார். ஒரு கிழமை யோசித்தேன். ஊரில் ஒருவர் சாடையாகச் சொன்னார். இன்னொருவர் வெளிப்படையாகவே சொன்னார். வளவுக்குள் சுவாமிப் படம் வைத்து விளக்குக் கொளுத்துவார், குமர்ப்பிள்ளைகள் இருக்கிற வீடு, பிறகு இன்னொருவர் வருவார், அவரை எப்படி மறுப்பது என்றெல்லாம் பேச்சு வந்தது. பின்வீட்டுக் கூரை திருத்த வேண்டியிருக்கிறது என்று நான் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் புத்தளம் நகரில் அறையெடுத்துத் தினமும் இரண்டு பஸ் மாறி வந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு இடமாற்றம் பெற்றுப் போனார். அந்த ஆண்டு சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளுக்குக் கடைசித் தவணையில் கணித ஆசிரியர் இல்லை. விடைபெற வந்தபோது, "சேர், கூரை திருத்திட்டீங்களா?" என்று கேட்டார். அதில் குத்தல் இருந்ததா, வெறும் விசாரிப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இரண்டு மணித்தியாலத்தில் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவன் நான். கூரை என்ற ஒரு சொல்லால் இன்னொருவனை வராமலே செய்தவனும் நான். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வெளியேற்றப்பட்டவர்களின் வலியை இழிவுபடுத்துவதாகும். துப்பாக்கிமுனையில் ஒருவனுடைய மண்ணைப் பறிப்பதும், என் சொந்த அறையைத் தராமல் விடுவதும் குற்றத்தின் அளவில் ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட நிற்கா. ஆனால் இரண்டின் அடியிலும் ஒரே வாக்கியம் இருக்கிறது. இவர் இன்ன ஆள், ஆகவே இங்கே வேண்டாம் என்பதே அந்த வாக்கியம். அவர் எப்படிப்பட்டவர் என்று பார்ப்பதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. அந்த வாக்கியத்தை என்மீது பிறர் பிரயோகித்தபோது அநீதி என்று அடையாளம் கண்ட நான், என் வாயிலிருந்து வந்தபோது அதற்கு நிர்வாகக் காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

சேர்ந்து வாழ்வதையும் அடைத்துக்கொண்டு வாழ்வதையும் வேறுபடுத்த வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். பாங்கு கேட்கும் இடத்தில் குடியிருக்க விரும்புவதும், ஜமாஅத்தின் அருகாமையைத் தேடுவதும் ஒரு சிறுபான்மையின் தேவை, உரிமையும்கூட. யாரும் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேவையைச் சொல்லிக்கொண்டே கதவின் உட்பக்கம் தாழ்ப்பாள் போடுவது வேறு காரியம். முதலாவது நான் எங்கே போவேன் என்ற தெரிவு. இரண்டாவது இன்னொருவர் எங்கே வரக்கூடாது என்ற தீர்ப்பு. தெமட்டகொடை ஹாஜியாரின் வார்த்தை எனக்கு ஆறுதல் தந்தது என் தெரிவுக்கு உதவியதால் அல்ல, அவருடைய தீர்ப்பு என் பக்கமாக இருந்ததால். நாளை வேறு ஒழுங்கையில் வேறொருவர் அதே வார்த்தையை என் மகளிடம் சொன்னால் அவரை இனவாதி என்று எழுதுவேன், இதே சஞ்சிகைக்கு அனுப்பியும் வைப்பேன்.

எழுதுகிற நமக்கு இதில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. நம்மவர் நூல்கள் எத்தனையோ வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் வெளியிடப்பட்டிருக்கின்றன. அங்கே தமிழால் ஒன்றுபட்டோம் என்று பேசிக் கைதட்டு வாங்குகிறோம். கூட்டம் முடிந்து அவரவர் ஒழுங்கைக்குப் பிரிந்து போகிறோம். மொழி கூட்டத்துக்குப் போதுமானதாகவும் குடியிருப்புக்குப் போதாததாகவும் இருப்பது ஏன் என்று நாம் ஒரு கட்டுரைகூட எழுதியதாக என் நினைவில் இல்லை.

மாட்டிறைச்சி விடயத்தையும் ஆறுதலாக யோசித்தேன். அந்த அம்மையார் நீ யார் என்று கேட்டு மறுக்கவில்லை. யார் என்று தெரிந்த பின்னும் தருவதாகச் சொன்னார். தன் கதவுக்கு அடுத்த கதவில் தனக்கு ஒவ்வாத ஒன்றைத் தவிர்க்கக் கேட்டார். கறி சமைத்தால் அதன் வாசனையால் அயலவரைத் துன்புறுத்தாதே என்ற ஒழுக்கத்தை நாமும் மேடைகளில் போதிப்பவர்கள்தானே. ஒரு நிபந்தனை என் தீனை விடச் சொன்னால் அது வேறு. மாட்டிறைச்சி உண்பது ஹலால், பர்ளு அல்ல. தொண்ணூறைப் பற்றி அவர் மேற்கொண்டு பேசாததையும் நான் பிழையாக எடுத்திருக்கலாம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் தலையிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. எங்களைப் போலவே வவுனியாப் பாதையில் அனுப்பப்பட்டவர்கள் அவர்களிலும் உண்டு. ஒரே பாதையில் வெவ்வேறு காலத்தில் விரட்டப்பட்ட இருவர் முதல் சந்திப்பிலேயே அதைப் பேசிவிட முடியாது. மௌனம் அங்கே மறுப்பாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இறுதி முடிவை நான் எடுக்கவில்லை. மகளிடம் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள், "வாப்பா, அபாயா போட்டுக்கொண்டு பஸ்ஸில போறது நான். பயம் ரெண்டு இடத்திலயும் எனக்கு ஒண்டுதான். உம்மும்மாவுக்குச் சரியான இடமாப் பாருங்கோ" என்றாள். பிள்ளைக்காக நாம் தாங்கிக்கொள்வதாக எண்ணும் ஆபத்தை உண்மையில் பிள்ளைதான் தாங்குகிறது என்பது எனக்கு உறைத்தது. கொள்கைக்காக நான் வெள்ளவத்தையைத் தெரிந்தாலும், பயத்துக்காகத் தெமட்டகொடையைத் தெரிந்தாலும் விலை கொடுப்பவள் அவளே. ஆகவே மாமியாரிடம் கேட்டேன். அவரும் சோனகதெருவில் வாழ்ந்து, இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாக வெளியே வந்தவர். பாங்கு கேட்கும் இடமே வேண்டும் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"வெள்ளவத்தையில அந்த மனிசி தனியாவா இருக்கிறா?" என்று கேட்டார்.

"ஓம். பிள்ளையள் கனடாவில."

"அப்ப அங்கயே போவம். இரவில ஒண்டெண்டால் கூப்பிட ஒரு ஆள் வேணும்தானே அவவுக்கு."

எங்களுக்கு நல்ல அயலவர் எங்கே கிடைப்பார் என்று நான் நான்கு நாட்களாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் யாருக்கு அயலவராக இருக்கலாம் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. மூதுரையை நான் விளங்கிக்கொண்டதில் இருந்த பிழை அங்கேதான் இருந்தது. அயலைத் தேடு என்பதற்கு உனக்கு வசதியான மனிதர்களைப் பொறுக்கியெடு என்பது மட்டும் பொருளாக இருக்க முடியாது. நீ அயலவனாக இருக்கக்கூடிய இடத்தைப் பார் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். தெமட்டகொடையில் அப்படியொரு இடம் கிடைக்காது என்றில்லை. அங்கேயும் தனியே கிடக்கும் கிழவிகள் உண்டு. என் மாமியார் அங்கே போயிருந்தாலும் முதலில் அவர்களைத்தான் விசாரித்திருப்பார்.

போன இடத்தில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்லி முடிக்க முடியவில்லை. நோன்பு மாதத்தில் மாமியார் மாட்டிறைச்சி போடாமல் கஞ்சி காய்ச்சிப் படிக்கட்டில் ஏழு வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். ஐந்து வீட்டார் வாங்கினார்கள். ஒரு வீட்டில் பழக்கமில்லை என்று திருப்பிவிட்டார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. பாங்கு கேட்காதது மாமியாருக்கு இன்னும் ஒரு குறைதான். அஸருக்கு நேரமாயிற்று என்று அடுத்த கதவு அம்மையார் சிலவேளை மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்வாராம்.

பின்வீட்டுக் கூரையைச் சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் உண்மையாகவே திருத்தினேன். இரண்டு தீராந்தி மாற்றி, முப்பது ஓடு போட்டதோடு வேலை முடிந்தது. ஒரு நாள் வேலைக்கு ஏழெட்டு வருடம் எடுத்திருக்கிறேன். புதிதாக வரும் எந்த ஆசிரியருக்கும் தரலாம் என்று அதிபரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எந்த ஆசிரியருக்கும் என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னேன். இன்னும் எவரும் வரவில்லை. ஊரில் சாடைப் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது. இந்த முறை அதற்குச் சொல்ல என்னிடம் கூரையும் இல்லை.